தோர்பெக்கேயா, ருட்டேயா? எவரிடமிருந்து தொடங்குவது?

நெதர்லாந்து லிபரல் அரசியலைப் படிக்க நினைப்பவர்கள், அந்நாட்டு அரசுக்குத் தலைமை தாங்கிய இந்த இருவரில் யாரை முதலில் எடுப்பது என்று தடுமாறுவதுண்டு.

தொடக்கம்
தோர்பெக்கே: 1798-ல் ஸ்வோல்லேயில் பிறந்தவர், லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர்.
ருட்டே: 1967-ல் ஹேக்கில் பிறந்தவர். லைடனில் வரலாறு படித்தார், அப்புறம் யூனிலீவரில் வேலை.

பதவி
தோர்பெக்கே: மூன்று முறை அரசுக்குத் தலைமை. 1853-ல் கத்தோலிக்க ஆயர்கள் திரும்புவதை எதிர்த்துப் புராட்டஸ்டண்டுகள் கிளர்ந்ததில் முதல் அரசு போயிற்று. 1872-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.
ருட்டே: 2010 முதல் 2024 வரை நான்கு கூட்டணி அரசுகள். அந்நாட்டில் இவ்வளவு காலம் பிரதமராக இருந்தவர் வேறு யாருமில்லை. 2024 அக்டோபரில் நேட்டோ பொதுச்செயலாளரானார்.

நிலைத்தது
தோர்பெக்கே: 1848 அரசியல் சாசனம். அரசர் செய்வதற்கு அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றது. கீழவைக்கு நேரடித் தேர்தல் கொண்டுவந்தது. வாக்குரிமை வரி கட்டும் வசதியுள்ள ஆண்களுக்கு மட்டும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இன்றைய நாடாளுமன்ற முறை அதன்மேல்தான் நிற்கிறது.
ருட்டே: இப்படி ஒற்றைச் சாதனையைச் சுட்டுவது கடினம். சமரசம் பேசுவதுதான் அவருடைய திறமை.

கறை
ருட்டே: குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம். ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டனர். 2021 ஜனவரியில் அரசு ராஜினாமா செய்தது. ஆனால் மார்ச் தேர்தலில் அவர் கட்சியே முதலிடம்!

சாசனமும் சட்டமும் பிடித்தவர்களுக்கு தோர்பெக்கே. கூட்டணிக் கணக்குகளும் இன்றைய ஐரோப்பாவும் வேண்டுமென்றால் ருட்டே. என்னைக் கேட்டால், சரி, முதலில் தோர்பெக்கேதான்.