குமரிமுனையில் ஒரு காலை நடை: பாறைகளுக்கு முதுகு காட்டும் சுற்றுலா

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலில் நிற்கும் இரண்டு பாறைகளைப் பார்க்கிறார்கள். கரையில் இருக்கும் ஊரைப் பார்ப்பதில்லை. பேருந்திலிருந்து இறங்கிப் படகுத்துறை வரிசையில் நின்று, பாறைக்குப் போய்த் திரும்பி, சங்கும் சோழியும் வாங்கி, மாலையில் சூரியன் மறைவதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இம்மாவட்டத்துக்காரர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அதே வரிசைக்குத்தான் அழைத்துப் போகிறோம். இந்த நிலையில், நாகர்கோவிலைச் சேர்ந்த சில இளைஞர்கள் வார இறுதிக் காலைகளில் நடத்தும் நடைப்பயணம், படகில் ஏறாமல், ரயில் நிலையத்தில் தொடங்கி மீனவர் ஊரான வாவத்துறையில் முடியும் வகையில் வகுக்கப்பட்டிருப்பதே அதன் முதல் சிறப்பு. இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பயன்படுகிறது என்பதை அறியவே அதில் கலந்துகொண்டேன்.

ஏற்பாடு எளிமையானது. முன்பதிவு கைப்பேசியில் நடக்கிறது. கட்டணம், ஊரைச் சுற்றிக்காட்ட ஓர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவு. குழு சிறியதாக இருப்பதால் ஒலிபெருக்கி இல்லை. அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். வழிகாட்டி இளைஞர், வயதானவர்களை ‘அண்ணாச்சி’, ‘அம்மா’ என்றும், சிறுவர்களை ‘மக்கா’ என்றும் அழைத்து, குமரித் தமிழிலேயே பேசினார். மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்காமல், எதிரே வந்த கேள்விகளுக்கு ஏற்பப் பேச்சை மாற்றிக்கொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ரயில் நிலையத்தைத் தொடக்கமாகத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அசாமின் திப்ரூகரிலிருந்து ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடிவரும் விவேக் விரைவு வண்டி இங்கேதான் வந்து நிற்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இந்த ஊரில்தான் முடிகிறது. இச்செய்திகளை வழிகாட்டி விரைவாகச் சொல்லி முடித்துவிட்டு, அருகிலுள்ள குகநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பகவதியம்மன் கோயிலின் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இங்கே வருவதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட இந்தச் சிவன் கோயிலின் கருங்கல் சுவர்களை, அவசரமில்லாமல், எழுத்தின் மேல் கை வைக்காமல், சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது. நாஞ்சில் நாடு சோழர் கையில் இருந்த காலத்தில், இன்று நாகர்கோவிலின் ஒரு பகுதியான கோட்டாற்றுக்கு மும்முடிச்சோழநல்லூர் என்ற பெயர் இருந்ததை அவர் அங்கே நினைவூட்டியபோது, கோட்டாற்றுச் சந்தையில் வாரந்தோறும் காய்கறி வாங்கும் ஓர் அம்மா, “அப்ப நம்ம சந்தைக்கு ராசா பேரா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு குழுவினர் அனைவரும் வாய் திறந்து பேசத் தொடங்கினார்கள்.

அங்கிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலையில் சொல்லத்தக்கது அதிகமில்லை. விடுதிகளும் துணிக்கடைகளும் நேந்திரங்காய் வறுவல் கடைகளுமாக நீளும் அந்தப் பகுதியில் நடைபாதை என்று ஒன்று இருந்தாலும், அதில் நடக்க முடிவதில்லை. வாகனங்களுக்கும் பலகைகளுக்கும் இடையே வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. இதை நடத்துபவர்களின் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இப்பகுதி ஏற்றதன்று என்பதை முன்பதிவின்போதே அவர்கள் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.

காந்தி மண்டபத்தில் விளக்கம் நன்றாக இருந்தது. 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி இங்கே கடலில் கரைக்கப்பட்டதும், அதற்கு முன் அது வைக்கப்பட்டிருந்த இடத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 2 நண்பகலில் மேற்கூரைத் துளை வழியாகக் கதிரொளி விழும்படி மண்டபம் அமைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவையே. காந்தியடிகளின் வயதைக் குறிக்க மண்டபத்தின் நடுப்பகுதி 79 அடி உயரத்தில் அமைந்திருப்பதும் பலகையிலேயே கிடைக்கும் செய்திதான். வழிகாட்டி இவற்றோடு நிற்கவில்லை. மண்டபம் கட்டி முடிந்த 1956ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 1 அன்று, இந்த ஊர் தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதையும், அதுவரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒடிசாக் கோயில்களை நினைவூட்டும் வடிவில் ஒரு கட்டடம், மலையாள அரசின்கீழ் இருந்த தமிழ் ஊரில், குஜராத்தியர் ஒருவருக்காக எழுந்தது என்று அவர் விளக்கிய பிறகு, நான் எப்போதும் அவசரமாகக் கடந்துபோன அந்த மண்டபத்தைச் சற்று நின்று பார்த்தேன்.

நடையின் பலவீனமான பகுதி, வருத்தத்திற்குரிய வகையில், பகவதியம்மன் கோயிலாகவே அமைந்துவிட்டது. பாணாசுரன் கதை, சுசீந்திரத்திலிருந்து மணமகனாகக் கிளம்பிய இறைவன் சேவல் கூவியதைக் கேட்டுத் திரும்பிய கதை, மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கமென நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதிய கதை, அதனால் கிழக்கு வாசல் சிறப்பு நாள்களில் மட்டுமே திறக்கப்படுகிறது என்ற விளக்கம் ஆகிய எல்லாம் சுவையாகச் சொல்லப்பட்டன. கதைகள் சொல்லப்படத்தான் வேண்டும். அவை இந்த ஊரின் உயிர். ஆனால் அதே கோயிலின் திருச்சுற்றுத் தூண்களில் உள்ள வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, மான் உருவில் ஓடிய அரக்கனைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்து காவிரிக் கரையை அடைந்த ஆதிச் சோழனிடம் தொடங்கிச் சோழர் வம்சாவளியை வடமொழிச் செய்யுள்களில் சொல்லிச் செல்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகளோடும் லெய்டன் செப்பேடுகளோடும் ஒப்பிட்டு வரலாற்றாசிரியர்கள் படிக்கும் ஆவணம் அது. தஞ்சாவூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்க வேண்டிய ஒன்று நம் கோயில் தூணில் இருக்கும்போது, அதைக் கடந்து மூக்குத்திக்கு விரைவது நியாயமாகத் தெரியவில்லை. தரிசன வரிசையின் நெருக்கடியையும், உள்ளே படமெடுக்கத் தடை இருப்பதையும், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியிருப்பதையும் காரணமாகச் சொல்லலாம். ஆயினும் உள்ளே போகும்முன் வாசலிலேயே ஐந்து நிமிடம் இதை விளக்கிவிட முடியும்.

இதே போக்கு முக்கடல் கூடுமிடத்திலும் தொடர்ந்தது. நடக்காமல் போன திருமணத்தின் அரிசிதான் இங்கே மணலாகிக் கிடக்கிறது என்ற கதையோடு வண்ண மணல் பொட்டலங்கள் விற்கப்படுவதை நாம் குழந்தைப் பருவம் முதல் பார்த்து வருகிறோம். வழிகாட்டியும் அந்தக் கதையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். சிவப்பு நிறம் கார்னெட் கனிமத்தாலும் கறுப்பு நிறம் இல்மனைட்டாலும் வருகின்றன. மேற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதை, இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலிலிருந்து 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டறிந்தார். இன்றும் அங்கே மத்திய அரசின் அருமணல் ஆலை இயங்குகிறது. தேவியின் அரிசியும் ஜெர்மானியரின் கயிறும் ஒரே மணலைப் பற்றிய இரண்டு கதைகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கேட்பவருக்கு எந்த நட்டமும் இல்லை.

குமரிக் கண்டத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு வலுவான மறுப்பு உண்டு. கடலைக் கைகாட்டி, ‘இங்கேயிருந்து ஆஸ்திரேலியா வரை நம் நிலம் இருந்தது’ என்று அவர் உறுதியாகச் சொன்னபோது குழுவில் இருந்த பள்ளி மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கடல்கொண்ட குமரிக்கோடு என்னும் மலையைப் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுவது இலக்கியச் செய்தி; லெமூரியா என்பது 1864இல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலர், லெமூர் என்னும் விலங்கினங்களின் பரவலை விளக்குவதற்காக முன்வைத்து, பின்னர் அறிவியலால் கைவிடப்பட்ட ஊகம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வரலாறாகத் தருவது பிழை. அதைவிட வியப்பான உண்மை ஒன்று கையருகிலேயே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடற் செலவு’ (பெரிப்ளஸ்) என்னும் கடற்பயண நூல், கொமரி என்னும் இந்த முனையைக் குறிப்பிட்டு, துறவு பூண விரும்புவோர் இங்கே வந்து நீராடித் தங்குகிறார்கள் என்றும், முன்னொரு காலத்தில் ஒரு தேவி இங்கே உறைந்து நீராடினாள் என்பது நம்பிக்கை என்றும் சொல்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டு வணிகர் கேட்டு எழுதிய அதே செய்தியை, இன்று அதே படித்துறையில் ஈரத்துணியோடு நிற்பவரும் சொல்கிறார். இதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போவானேன்?

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த நடையைப் பரிந்துரைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அதன் கடைசிப் பகுதி. சங்குக் கடைகளின் வரிசையைக் கடந்ததும் தெருக்கள் குறுகுகின்றன, வலைகள் திண்ணைகளில் கிடக்கின்றன, மீன்வாடை வந்துவிடுகிறது. வெளியூர்ப் பயணிகள் தொலைவிலிருந்து படமெடுத்துச் செல்லும் அலங்கார உபகார மாதா கோயிலின் வெண்ணிறக் கோதிக் கோபுரங்களை, இங்கே அவற்றுக்கு உரிய ஊருக்குள் நின்று பார்க்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவியதையும், 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் மீனவர் ஊர்கள்தோறும் நடந்து சென்றதையும், இன்றைய பெரிய கோயில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததையும் வழிகாட்டி வரிசை குலையாமல் சொன்னார். இந்தப் பகுதியில் அவர் பேச்சில் கதைக்கும் வரலாற்றுக்கும் இடையே குழப்பமே இல்லை. கரையூரில் வளர்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச வைத்ததும் நல்ல முடிவு. கடலில் மீன் கிடைக்கும் ‘பார்’ என்னும் கடலடிப் பாறைத்திட்டை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, கரையில் உள்ள மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பதை அவர் கைகளால் வரைந்து காட்டினார். “இப்ப எல்லாத்துக்கும் ஜிபிஎஸ் வந்தாச்சு மக்களே, ஆனா அது கெட்டுப்போனா மலை கெட்டுப்போகாதுல்லா” என்றார். இந்த மாவட்டத்தின் விந்தையான மீன்பிடித் தடைக்காலத்தையும் அவர் வழியாகவே குழுவினர் அறிந்துகொண்டனர். கிழக்குக் கரை விதிப்படி சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அதே மாவட்டத்தின் குளச்சலுக்கும் முட்டத்திற்கும் மேற்குக் கரை விதிப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. முக்கடல் கூடுமிடம் என்று அஞ்சலட்டைகளில் அச்சிடப்படுவது, இங்கே ஒரு குடும்பத்துக்கு எந்த மாதம் வருமானம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2004 டிசம்பர் 26 பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவே இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நூலைக் கத்தரித்தார். வழிகாட்டியும் அதற்கு மேல் துருவவில்லை. அந்த நாகரிகத்தைப் பாராட்ட வேண்டும்.

பாறைகளைக் கரையிலிருந்தே காட்டி முடிக்கிறார்கள். விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில் நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையில், பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் அதிகாரங்களையும், சிலையின் 95 அடி பொருளையும் இன்பத்தையும் குறிக்கின்றன. இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கடல் சீற்றத்தாலும் நீர்மட்டம் தாழ்வதாலும் சிலைக்குப் படகு போகாத நாள்கள் முன்பு அடிக்கடி வந்ததால், இந்தப் பாலம் வெறும் கவர்ச்சி அன்று என்பதையும் வழிகாட்டி விளக்கினார். படகில் போக விரும்புபவர்கள் நடை முடிந்த பிறகு தாமே வரிசையில் நிற்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் வரிசை நீண்டுவிடும்.

இடையில் சிற்றுண்டிக்கு அழைத்துச் சென்ற சிறிய கடையில் புட்டும் பயறும் பப்படமும் சூடாகக் கிடைத்தன, உடன் மட்டிப்பழம். கட்டணத்தில் இதுவும் அடக்கம். கழிப்பறை வசதி காந்தி மண்டபப் பகுதிக்குப் பிறகு எங்கும் இல்லை என்பதை, குறிப்பாகப் பெண்களும் முதியோரும் கவனத்தில் கொள்ள வேண்டும். மிதியடியைப் பலமுறை கழற்ற வேண்டியிருப்பதால் வாருள்ள காலணி வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நிற்பது கடினம். எனவே மார்ச் முதல் மே வரை போவதாக இருந்தால், முதல் குழுவிலேயே பெயர் கொடுப்பது நல்லது.

வெளியூரிலிருந்து ஒரே நாள் பயணமாக வருபவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்களுக்குப் படகே போதும். இங்கே ஓர் இரவு தங்குபவர்களும், மாவட்டத்திற்குள்ளேயே இருந்துகொண்டு குமரியை உறவினருக்குக் காட்டும் இடமாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களும் போகலாம். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், குமரிக் கண்டம் வரும்போது வழிகாட்டியிடம் அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும்படி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நான் கேட்டேன், அடுத்த முறை மாற்றிச் சொல்கிறேன் அண்ணாச்சி என்றார். மாலை நேர நடையும் நடத்துகிறார்கள்; ஆனால் அது சூரிய மறைவுக் கூட்டத்தில் சிக்கிக்கொள்வதோடு வாவத்துறைக்கும் போவதில்லை என்பதால், காலை நடையையே தேர்ந்துகொள்ள வேண்டும்.