டிரெய்லர் ஹிட்ச் அடாப்டர் வாங்கப் போகிறீர்களா? என் 18,600 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இப்போதுதான் அந்தக் கடைக்காரரிடம் பேசிவிட்டு போனை வைத்தேன். கை இன்னும் நடுங்குகிறது. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் கேம்பர் டிரெய்லர் வைத்திருக்கும் நம் ஆட்களும் வாங்கலாம் என்று யோசிப்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும். டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டுவதற்கான இணைப்புச் சாமான்தான் ஹிட்ச், அதில் அளவு சேராத இரண்டு பாகங்களைச் சேர்ப்பது அடாப்டர். அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நாங்கள் இருப்பது விவேக்நகரில். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போன மாதம் ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் வாங்கினோம், செகண்ட் ஹேண்ட்தான். உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை. பாத்திரம், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன், 700 கிலோ. அதன் மூக்கில் இருக்கும் கப்ளர், அதாவது காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் பாகம், 50 மில்லிமீட்டர் குண்டுக்கானது. கப்ளரின் தலையிலேயே 50 என்று அடித்திருக்கிறது.

சிக்கல் என் காரில்தான். பழைய ஓனர் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுவதற்காக, வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு ரிசீவரைப் போட்டு வைத்திருந்தார். ரிசீவர் என்றால் பம்பருக்கு அடியில் தெரியும் சதுரக் குழாய். அது ஒன்றேகால் இஞ்ச். அதற்குள் செருகி, நுனியில் குண்டைத் தாங்கும் தண்டுக்குப் பெயர் பால் மவுண்ட். நான் தேடிய இடங்களில் கிடைத்த பால் மவுண்ட் எல்லாம் இரண்டு இஞ்ச் தண்டு. அதனால் ஒரு முனை ஒன்றேகாலாகவும் மறுமுனை இரண்டாகவும் இருக்கும் அடாப்டரைத் தேட ஆரம்பித்தேன். அப்போதே வேறு வழி யோசித்திருக்க வேண்டும்.

ஜே.சி. ரோட்டில் இரண்டு நாள் அலைந்தேன். பாதிப் பேருக்கு நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. கடைசியில் ஒரு நண்பர் சொல்லி, காருக்கு சீட் கவர், லைட், கேரியர் எல்லாம் மாட்டித் தரும் ஒரு கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க தமிழா? நமக்கு ஆம்பூர்ணே" என்றார். அவ்வளவுதான், எனக்கு மனசு இளகிவிட்டது. ஸ்டூல் போட்டார், டீ வந்தது. மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். கப்ளரின் போட்டோவைக் காட்டினேன், 50 என்ற எண்ணைப் பெரிதாக்கியே காட்டினேன். பார்த்துவிட்டு, "அம்பதுதானே, நம்மகிட்ட இருக்குண்ணே" என்று உள்ளே போய் எடுத்து வந்தார்.

குண்டு பளபளவென்று கறுப்பு பெயின்டில் மின்னியது. அடாப்டரில் 2 டன் என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். டிரெய்லரையும் கொண்டுபோயிருந்ததால் அங்கேயே மாட்டினார்கள். கப்ளரைக் குண்டின் மேல் இறக்கி, கைப்பிடியை அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது. காலால் ஒரு உதை விட்டுக் காட்டினார். "கேட்டீங்களாண்ணே? இந்தச் சத்தம் வந்துட்டா கன்னியாகுமரி வரைக்கும் கழறாது." நான் தலையாட்டினேன். அந்த ஒரு சத்தத்தை நம்பித்தான் என் குடும்பத்தை வண்டியில் ஏற்றினேன்.

அடாப்டர் 9,400. பால் மவுண்டும் குண்டும் சேர்த்து 5,700. லைட் வயரிங்கும் கூலியும் 3,500. மொத்தம் 18,600 ரூபாய். யுபிஐ-யில் அங்கேயே அனுப்பினேன். ஒரு வெள்ளைச் சீட்டில் கணக்கு எழுதித் தந்தார். அதன் தலையில் எஸ்டிமேட் என்று அச்சடித்திருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது. "வயருக்குச் சுத்தின டேப்புக்கு எல்லாம் காசு வேணாம்ணே, நம்ம ஆளு நீங்க" என்றார்.

போன சனிக்கிழமை காலை ஏற்காடு போகலாம் என்று கிளம்பினோம். பொம்மனஹள்ளி தாண்டும்போதே பின்னால் டொக் டொக் என்று சத்தம். புது சாமான், உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி இறங்கியாகிவிட்டது. சந்தாபுராவில் பையனுக்கு டிபன் வாங்க சர்வீஸ் ரோட்டில் இறங்கினோம். ஒரு ஹம்ப், வேகத்தடை. இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பின்சக்கரம் ஏறி இறங்கியதும் டமார். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் கோணலாக நிற்கிறது. கப்ளர் குண்டை விட்டுத் தாவிவிட்டது.

குண்டு கழன்றாலும் டிரெய்லர் காரை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ள இரண்டு செயின் மாட்டியிருந்தோம், அந்தச் செயின்தான் காப்பாற்றியது. டிரெய்லரை விற்றவர் இரண்டு செயினையும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் மூக்கு ரோட்டில் குத்தாமல் செயின் மேலேயே தொட்டிலில் கிடப்பது போலக் கிடந்தது. பிரேக் போட்டதும் டிரெய்லர் வந்து பம்பரில் இடித்தது, டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன முன்சக்கரம் வளைந்தது. அந்தச் செலவு தனி. பத்து நிமிடத்துக்கு முன்னால் இது மேம்பாலத்தில், அந்த வேகத்தில் நடந்திருந்தால்? என் மனைவி இன்னும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஓசூரில் பட்டறை வேலையில் இருக்கும் என் மைத்துனனுக்கு போன் போட்டேன். பைக்கில் வெர்னியரோடு, அதாவது மில்லிமீட்டருக்கும் கீழே துல்லியமாக அளக்கும் கருவியோடு, வந்தான். குண்டின் நடுவில் வைத்து அளந்தான், திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்தான். "மாமா, இது அம்பதே இல்ல. நாப்பத்தேழரைதான் காட்டுது." சாவியை எடுத்துக் குண்டின் உச்சியில் சுரண்டினான். கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் இருந்து ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது: 1, அப்புறம் 7, ஒரு கோடு, 8. அதாவது 1 7/8 இஞ்ச், 47.6 மில்லிமீட்டர். 50-க்கான கப்ளருக்குள் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. டக் என்று சத்தம் வரும், பூட்டின மாதிரியே இருக்கும், மேடு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். அந்த எண்ணின் மேல் யார் பெயின்ட் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை 50 என்று சொல்லி விற்றவர் யார் என்று தெரியும்.

அதோடு முடியவில்லை. அடாப்டருக்குள் செருகிய பால் மவுண்ட் தண்டு நழுவாமல் இருக்கக் குறுக்கே பின் (pin) போட வேண்டிய ஓட்டை 5/8 இஞ்ச், அதில் கடையில் போட்டிருந்தது அரை இஞ்ச் சாதா போல்ட். பொம்மனஹள்ளியில் கேட்ட டொக் டொக் அதுதான். 2 டன் ஸ்டிக்கரும் பொய். என் காரின் ரிசீவரிலேயே 2,000 பவுண்டு என்று தகடு இருக்கிறது, அதாவது 907 கிலோ. எவ்வளவு பெரிய அடாப்டரைச் செருகினாலும் அந்த 907 ஒரு கிலோகூட ஏறாது. ஏறாதது மட்டுமல்ல, குறையும். அடாப்டர் குண்டைப் பின்னால் தள்ளிவிடுகிறது. குழாயில் இருந்து 20 சென்டிமீட்டரில் இருக்க வேண்டியது என் வண்டியில் 40-ஐத் தாண்டி நின்றது. மூக்கில் அதே 70 கிலோதான் அழுத்துகிறது, ஆனால் ரிசீவர் தாங்க வேண்டிய முறுக்கு இரண்டு மடங்கு. கடப்பாரையின் நுனியைப் பிடித்து அழுத்துவதும் நடுவில் பிடித்து அழுத்துவதும் ஒன்றா?

சரி, கடைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "அய்யய்யோ அண்ணே, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க, மாத்திடலாம்" என்றார். திங்கள் அரைநாள் லீவு போட்டுப் போனேன். கடைப் பையன், "ஓனர் ஊரிகே ஹோகிதாரே" என்றான், ஊருக்குப் போயிருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை கிடைத்தார். ஹம்ப்பில் வேகமாக ஏற்றியிருப்பீர்கள் என்றார். புதன்கிழமை, உங்கள் கப்ளர் தேய்ந்திருக்கிறது என்றார். வெர்னியர் வைத்து எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று அவரே கூப்பிட்டு, "இன்னும் 4,000 குடுத்தா ஒரிஜினல் போட்டுத் தர்றேன்" என்றார். அப்படியென்றால் 18,600 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தது என்ன?

அதையே கேட்டேன், இன்று காலையில். ஒரு நொடி பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "பில்லு இருக்கா சார்?"

அண்ணே போய் சார் ஆகிவிட்டது. எஸ்டிமேட் சீட்டு எல்லாம் பில் ஆகாதாம், இந்தக் குண்டு அவர் கடையில் வாங்கியதுதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறார். அவர் கையால் மாட்டியதற்கு, அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டு நானே சாட்சியாக நின்றேன். எனக்கு 18,600 ரூபாய் சாதாரணத் தொகை இல்லை. மகளின் டியூஷன் பணத்தைத் தள்ளிவைத்துக் கொடுத்தது.

1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, அளந்த போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் போவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மைத்துனன் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறான், அவனோடு கடைக்குக் கிளம்புகிறேன். அவசரத்துக்குச் சொல்கிறேன். முடிந்தால் அடாப்டரே வேண்டாம். ஒன்றேகால் இஞ்ச் தண்டோடு வரும் பால் மவுண்டைத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் ரிசீவரையே மாற்றுங்கள். குண்டின் தலையில் எண் தெரியாவிட்டால் வாங்காதீர்கள், பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 50-ம் இரண்டு இஞ்ச்சும் ஒன்று என்பார்கள், இரண்டு இஞ்ச் என்றால் 50.8. வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். ரிசீவர், அடாப்டர், மவுண்ட், குண்டு, கப்ளர் இந்த ஐந்தில் எது தாங்கும் எடை குறைவோ அதுதான் உங்கள் வண்டியின் கணக்கு, ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். மாட்டியதும் டிரெய்லரின் மூக்கை ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும், கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கையில் வராமல் யுபிஐ-யைத் திறக்கவே திறக்காதீர்கள். செயினைக் குறுக்காகப் போடுங்கள்.