ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்கு: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

2022 அக்டோபர் கடைசியில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். நான் பின்தொடர்ந்த வானியல்காரர்களும் கட்டற்ற மென்பொருள் ஆட்களும் அடுத்த சில வாரங்களில் மூட்டை கட்டினார்கள். நானும் அவர்களோடு, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானுக்கு வந்தேன். இன்றைக்கும் காலையில் முதலில் திறப்பது அதைத்தான்.

இந்தியாவிலிருந்து 2019 நவம்பரிலேயே ஓர் அலை இங்கே வந்தது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதற்கு எதிர்ப்பாக வந்தவர்கள் அவர்கள். அது நிலைக்கவில்லை. பேசிப் பழகிய ஆட்கள் பழைய இடத்திலேயே இருந்தால் யார்தான் தங்குவார்கள்? 2022-இல் வந்தவர்களுக்கு ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க வழி இருந்தது. ஃபெடிஃபைண்டர், டெபேர்டிஃபை போன்ற கருவிகள், ட்விட்டரில் நாம் பின்தொடர்பவர்களில் யாரெல்லாம் மாஸ்டடான் முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டியல் தந்தன. அதனால்தான் என் டைம்லைன் சீக்கிரமே நிரம்பியது. 2023-இல் ட்விட்டர், இத்தகைய கருவிகள் தன்னிடமிருந்து தரவை எடுக்க உதவிய இலவச ஏபிஐ வசதியை நிறுத்தியதும் அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பாவம், ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது.

நான் முதலில் சேர்ந்த சிறிய சர்வரை நடத்தியவர், செலவு கட்டுப்படியாகாமல் மூன்று மாத அவகாசம் கொடுத்து மூடினார். புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, அங்கே பழைய முகவரியைக் குறிப்பிட்டு, பிறகு பழைய கணக்கின் அமைப்புகளில் 'இடமாற்றம்' கொடுக்க வேண்டும். பின்தொடர்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே புதிய கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள். நான் பின்தொடர்ந்தவர்களையும் பிளாக் செய்தவர்களையும் சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாக இறக்கி, புதிய கணக்கில் ஏற்றினேன். ஆனால் எழுதிய பதிவுகள் எதுவும் கூட வராது. கிரகணப் படங்கள், அவற்றுக்குக் கீழே நடந்த நீண்ட உரையாடல்கள் எல்லாம் அந்தச் சர்வரோடு போயின. என் பதிவுகளை மொத்தமாக இறக்கிய ஆர்க்கைவ் கோப்பு என் கணினியில் இருக்கிறது, சரி. அதில் மற்றவர்கள் சொன்ன பதில்கள் இல்லையே! மாஸ்டடானில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

பிடித்ததைச் சொல்வதானால், விளம்பரம் இல்லை, டைம்லைன் நேர வரிசையில் வருகிறது. ஹேஷ்டேகையே பின்தொடரலாம். படத்துக்கு விவரணை எழுதும் பழக்கம் இங்கே ஊறியிருக்கிறது. பார்வையற்ற நண்பர் ஒருவர் நிலவின் படத்துக்கு நான் எழுதிய நான்கு வரியைப் படித்துவிட்டு, டைக்கோ பள்ளத்தின் கதிர்கள் எவ்வளவு தூரம் நீளும் என்று கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தேடல் வசதிதான் வெகுநாள் மோசமாக இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்புக்குப் பிறகு, அனுமதித்தவர்களின் பதிவுகளையாவது தேட முடிகிறது.

2024-இல் வானியல்காரர்களில் நிறையப் பேர் ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில், இரண்டு தளங்களுக்கும் இடையே பதிவுகளைக் கொண்டுசெல்லும் பிரிட்ஜி ஃபெட் இணைப்பை இயக்கியவர்களின் பதிவுகளை மாஸ்டடானிலிருந்தே படிக்கிறேன். நானும் இயக்கியிருப்பதால் என் பதில் அவர்களுக்குப் போகிறது. மற்றவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அதை இயக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.