பக்கத்தில் இருப்பவரா, பயிற்சி பெற்றவரா? தம்பதி ஆலோசகரைத் தேடும்போது

வீட்டில் எதைப் பேசினாலும் சண்டையில் முடிகிறது என்ற நிலை வந்த பிறகுதான் பலரும் ஆலோசகரைத் தேடுகிறார்கள். அப்போது முதலில் பார்ப்பது தூரத்தை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேச அவர் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா?

தனிநபர் ஆலோசகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஒருவர் சொல்வதைக் கேட்டு அவருக்குத் துணைநிற்பதே அவருடைய பழக்கம். தம்பதி ஆலோசகர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் குரலை உயர்த்துகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார், அதனாலேயே முதலாமவர் இன்னும் கத்துகிறார். இந்தச் சுழலைத்தான் அவர் எடுத்துக்காட்டுவார். 1980களில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய உணர்வுமையச் சிகிச்சை (Emotionally Focused Therapy) இதன்மேல்தான் நிற்கிறது. தம்பதிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் வழியில் வந்தவர்கள், உறவைக் கெடுக்கும் நான்கைக் கவனிப்பார்கள்: குறைகூறல், ஏளனம், தற்காப்பு, பதிலே சொல்லாமல் ஒதுங்கும் மௌனச்சுவர். எந்த முறையில் பயிற்சி என்று தயங்காமல் கேளுங்கள்.

உறவுக்காரப் பெரியவர்கள்? அன்பு உண்டு, ஆனால் அவர்களும் ஒரு பக்கத்து ஆள்தான். கடுமையான மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

சரி, நேரிலா, வீடியோவிலா? பேச்சு சூடேறும்போது ஒரே அறையில் இருக்கும் ஆலோசகரால் சட்டென்று நிறுத்த முடியும். முகம் திருப்புவதும் கை நடுங்குவதும் அவர் கண்ணில் படும். அதனால் என் ஓட்டு நேரில் பார்ப்பதற்கே. ஆனால் சின்ன ஊரில் அவர் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவராக இருந்தால் மனம்விட்டுப் பேச வராது. அப்புறம், பக்கத்தில் பயிற்சி பெற்றவரே இல்லையென்றால், தூரத்திலுள்ள பயிற்சி பெற்றவரை வீடியோவில் பார்ப்பதே மேல். அடுத்த அறையில் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அங்கே மனம் திறந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் அடி விழலாம். முதலில் தனியாக, பாதுகாப்பான உதவி.

முதல் அழைப்பிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: “எங்களில் ஒருவர் தனியாக ஒரு ரகசியம் சொன்னால், அதை என்ன செய்வீர்கள்?” இதற்குத் தெளிவான விதி வைத்திருப்பவரிடம் போங்கள்.