"ஈசிஎம் போயிடுச்சுங்க" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் கார் நடு ரோட்டில் நின்றுவிடுகிறது. செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பழுதைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினால் நாலைந்து சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் கோடு, அதாவது பழுதுக்கான எண், வருகிறது. பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கி, "ஈசிஎம் போயிடுச்சுங்க" என்கிறார். ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. உங்களுக்கும் இப்படி நடந்தால், அந்தப் பெட்டியை வண்டியிலிருந்து கழற்ற விடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் 34,000 ரூபாய் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார். சென்னிமலையில் பெட்ஷீட் எடுத்து டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்துக்கொண்டு கோயமுத்தூர், பொள்ளாச்சி கடைகளுக்குப் போடுகிறேன். வண்டி நின்றால் பிழைப்பும் நிற்கும், அதைப் பட்டறைக்காரரும் முதல் பேச்சிலேயே பிடித்துக்கொண்டார். ஸ்கேனர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார், டர்போ காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார், இன்னும் என்னென்னவோ வரிசையாகச் சிவப்பில் இருந்தன.

"ஏனுங்ணா, ஒரு சென்சார் போகலாம், ரெண்டு போகலாம். ஒரே நாள்ல இத்தனையுமா போகும்? எல்லாத்துக்கும் தலை ஈசிஎம்தானுங்க. அதுதான் அவுட்டு."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. புதுசு வாங்கினால் கட்டுப்படியாகாது, கோயமுத்தூரில் போர்டு ரிப்பேர் செய்கிறவர் இருக்கிறார், உங்கள் ஈசிஎம்மையே சரி செய்து வாங்கித் தருகிறேன் என்றார். அப்படியே வண்டியும் வந்தது. துண்டுச் சீட்டில் 'ஈசிஎம் சர்வீஸ்' என்று எழுதி ஒரு தொகை. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அதெல்லாம் போட்டா உங்களுக்குத்தானுங்க எச்சா ஆகும்" என்று சிரித்தார்.

வந்த வண்டி பழைய வண்டியாக இல்லை. ஐட்லிங்கில் டக் டக்கென்று ஆடியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை. போனில் கேட்டால், "ஓட ஓட செட் ஆகிடுமுங்க." செட் ஆகவில்லை. அவிநாசி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் மறுபடி நின்றது. அதே பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் அதே கோடுகள், அச்சு அசலாக. வயரிங்கில் வோல்டேஜ் ஏறி ஈசிஎம்மைத் திரும்பவும் அடித்துவிட்டதாம். என் முகத்துக்காக இந்தத் தடவை பாதி ரேட்டாம்.

அதற்குள் என் மச்சான், கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைச் சொன்னான். வயசானவர், சின்னக் கடை. வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. பேட்டரி வோல்டேஜைப் பார்த்தார். செல்ஃப் அடிக்கச் சொல்லி, எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். அப்புறம் சாவியை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, ஒரு சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் சொருகும் பிளக்கை, கழற்றி உள்ளே மீட்டர் முனையை வைத்தார். அங்கே 5 வோல்ட் வர வேண்டும். வந்தது அரை வோல்ட்கூட இல்லை.

நான் பட்டறைக்காரர் சொன்ன தத்துவத்தைச் சொன்னேன். "தெருவே இருட்டாக் கெடந்தா, எல்லா வூட்டு பல்பும் ஒண்ணா ஃபியூஸ் போச்சும்பீங்களா தம்பி?" என்றார்.

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. ஈசிஎம் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகக் கரண்ட் கொடுப்பதில்லை. பல சென்சார்களுக்குச் சேர்த்து ஒரே 5 வோல்ட் லைன் போகிறது. அந்த லைனில் ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ, ஒரு இடத்தில் வயர் தேய்ந்து பாடியைத் தொட்டாலோ, லைன் முழுக்கப் படுத்துவிடும். அந்த லைனில் இருக்கும் நல்ல சென்சார்களும் ஈசிஎம்முக்குத் தப்பான கணக்குச் சொல்லும், எல்லாவற்றுக்கும் கோடு விழும். பல டீசல் வண்டிகளில் ரெயில் பிரஷர் தெரியாமல் போனால் ஈசிஎம் இன்ஜினை ஓட விடாது. கோடுகள் மொத்தமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்லோருக்கும் பொதுவான வயரையும் எர்த்தையும்தான். கூட்டத்தில் பி 0641, பி 0651 என்ற நம்பர் இருந்தால் அது இந்த 5 வோல்ட் லைனைப் பற்றிய கோடுதான். ஈசிஎம்மின் உள்கோளாறுக்கு பி 0606 என்று தனியாகவே ஒன்று உண்டு. எனக்குக் காட்டிய பட்டியலை நான் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதில் 0641 இருந்தது, 0606 இல்லை.

பெரியவர் அந்த லைனில் இருந்த சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தார். எல்லாம் கழன்ற பிறகும் 5 வோல்ட் திரும்பவில்லை. அப்படியென்றால் சென்சார் இல்லை, வயர். வயர்க் கட்டைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே போனார். பூஸ்ட் சென்சாருக்குப் போகும் இடத்தில், ஒரு இரும்பு கிளாம்பை ஒட்டிய வளைவில் மீட்டர் சடக்கென்று 5 ஆனது. கவரைப் பிரித்தால் உள்ளே வயரின் தோல் தேய்ந்து செம்பு பளபளக்கிறது. பெருந்துறையில் ஈசிஎம்மைக் கழற்றி மாட்டும்போது இந்தக் கட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அதனால்தான் வண்டி ஓடியது. வேகத்தடையில் மறுபடி ஒட்டிக்கொண்டது. அவர்கள் ரிப்பேர் என்று விற்றது அந்த நகர்வைத்தான்.

வயரைச் சரி செய்ததும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அந்த டக் டக்கும் புகையும் போகவில்லை. அப்போதுதான் அவர் ஸ்கேனரை மாட்டி, ஈசிஎம்முக்குள் பதிந்திருக்கும் 17 இலக்க சேசிஸ் நம்பரை எடுத்தார். ஆர்சி புத்தகத்தோடு வைத்துப் பார்த்தோம். அது என் வண்டி நம்பரே இல்லை!

என் நல்ல ஈசிஎம்மை எடுத்துக்கொண்டு, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய பழையதை மாட்டியிருக்கிறார்கள். வேறு வண்டிப் பெட்டியை அப்படியே மாட்டினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்காது, ஸ்டார்ட் ஆகாது. அதனால் அந்த இம்மொபிலைசரையே சாஃப்ட்வேரில் நிறுத்தி வைத்திருந்தார்கள். திருட்டைத் தடுக்கும் பூட்டைப் பிடுங்கிவிட்டு அதற்கும் சேர்த்துக் காசு. புகைக்குக் காரணமும் இங்கேதான். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் அதற்கென்று ஒரு கோடு எண் பொறித்திருக்கும், அதை ஈசிஎம்மில் எழுத வேண்டும். மாட்டியிருந்த ஈசிஎம்மில் இருந்ததோ வேறு யாருடைய இன்ஜெக்டர் கோடோ.

ஈசிஎம் போகவே போகாது என்று சொல்ல வரவில்லை. உள்ளே தண்ணீர் இறங்கினால் போகும், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் போகும், இன்ஜெக்டரை இயக்கும் 'டிரைவர்' என்ற உள்பாகம் எரியும். கோயமுத்தூரில் அதை ஒழுங்காகத் திறந்து பார்த்துச் சரி செய்கிற நல்ல கைகளும் இருக்கின்றன. ஆனால் ஈசிஎம் என்று சொல்கிறவரிடம், "கப்ளர்ல கரண்ட், எர்த், 5 வோல்ட் மூணும் மீட்டர் வச்சுப் பாத்தீங்களா? எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். நம்பர் சொல்லத் தெரியாதவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். கழற்றும் முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்ட் நம்பர் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சேசிஸ் நம்பர் வரும்படி வேலைக்கு முன்னும் பின்னும் வாங்கி வையுங்கள். மாற்றிய பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், துருப்பிடித்துக் கிடந்தாலும் சரி.

பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "பழசு ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுங்ணா" என்றார்கள். சர்வீஸ் செய்ததாகச் சொன்ன பெட்டி ஸ்கிராப்புக்கு எப்படிப் போகும்? இதற்குப் பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீஸும் விட்ட பிறகு, ஸ்கிராப்புக்குப் போன என் ஈசிஎம் எப்படியோ திரும்பி வந்தது. பெரியவர் அதை மாட்டினார், வண்டி பழையபடி அமைதியாக ஓடுகிறது. மொத்தத்துக்கும் அவர் வாங்கியது 1,800 ரூபாய்.

34,000 மட்டும் வரவில்லை. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம், அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது. பட்டறையின் பெயரை இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.