மனை எண் 47

செங்கல்பட்டைத் தாண்டி மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.

2021-ல் கையில் பதினோரு லட்சம் சேர்ந்திருந்தது. தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் 28 லட்சத்துக்கு வந்தது. மிச்சத்துக்குக் கடன் வாங்கினால், வரும் எட்டாயிரம் வாடகை தவணையில் பாதிக்குத்தான் சரியாக இருக்கும். "கட்டடத்துக்கு வயசாகும் மாப்ள, மண்ணுக்கு ஆகுமா?" என்றார் மைத்துனர். சரி, மனைதான் என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கை இன்றும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியம் பிரியாணி, அன்றே புக் செய்தால் ஒரு கிராம் தங்கக் காசு. நோட்டீஸில் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அங்கீகார எண் பெரிய எழுத்தில். தார்ச்சாலையை ஒட்டிய மூலை மனை, 2,400 சதுர அடி, எண் 47. ஏஜென்ட் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். சதுர அடி 450 ரூபாய், மொத்தம் 10.8 லட்சம். இரண்டு லட்சம் வங்கி மூலம், மீதி ரொக்கம். ரொக்கமாகக் கொடுத்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

வில்லங்கம் பார்க்காமல் வாங்கவில்லை. முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? நிலம் உண்மையிலேயே விற்ற விவசாயியுடையதுதான்.

பதிவு நாளன்று என்னோடு இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நாலு பேருக்கும் ஒரே பத்திரம் சார், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றார் ஏஜென்ட். அப்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பில் 11 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுத்து வைத்திருந்தேன். என் பங்குக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஆனது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில், போகிற வழியில் நின்று அரைக் கிலோ மைசூர்பா வாங்கினேன். முகூர்த்த நாள், கூட்டம், நல்ல நேரம் முடிவதற்குள் கையெழுத்து போடச் சொன்னார்கள். பத்திரத்தை உட்கார்ந்து படிக்கவே இல்லை.

2024-ல் விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வங்கி வக்கீல் படித்தார். 'புஞ்சை நிலம் 22 சென்ட், அதில் பிரிபடாத கால் பாகம்.' அதாவது, எந்த மூலை யாருக்கு என்று குறிக்காமல் நாலு பேருக்கும் பொது. மனை என்ற சொல்லும் இல்லை, 47 என்ற எண்ணும் இல்லை. ஏக்கர் கணக்கில் வழிகாட்டி மதிப்பு போட்டதால்தான் செலவு அவ்வளவு குறைவு. நோட்டீஸில் இருந்த அங்கீகார எண் பொய்யில்லை. ஆனால் அது பக்கத்துச் சர்வே எண் உட்பிரிவுக்கு வாங்கியது. எங்களுடையது அவர்கள் பாஷையில் 'ஃபேஸ் டூ', அதாவது இரண்டாம் கட்டம்.

அங்கீகாரம் இல்லாத புது மனையை மனையாகப் பதியக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. அதனால்தான் விவசாய நிலமாக, பாகமாக எழுதினார்கள். வரன்முறை செய்யலாமே, அதாவது அங்கீகாரத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த வழி. இது போட்டதே 2019-ல்.

அங்கீகார எண்ணை மட்டும் சரிபார்த்து விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு உரிய வரைபடத்தை வாங்கி, உங்கள் சர்வே எண் உட்பிரிவோடும் மனை எண்ணோடும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டரையோ எட்டு மனைகளையோ தாண்டினால் ரெராவிலும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும், அதை இணையத்திலேயே பார்க்கலாம். வரைவுப் பத்திரத்தை நாலு நாள் முன்னதாகக் கேளுங்கள். தர இழுத்தடித்தால் வேனில் ஏறி வந்துவிடுங்கள், பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று வக்கீலிடம் போனேன். "பத்திரப்படி நீங்க கொடுத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான் சார்" என்றார்.

போன மாதம் இடத்தைப் பார்க்கப் போனேன். அந்த மூன்று பேரில் ஒருவர் தார்ச்சாலை மூலையில் கல் நட்டுக் கம்பி வேலி போட்டிருந்தார். என் இடம் என்று போனில் சண்டைக்குப் போனேன். அவர் தன் நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினார். அதிலும் 47-ஐச் சுற்றித்தான் சிவப்பு வட்டம்.