குரோமா, ஆவாரமா? அட்டைக்குத் தோல் எடுத்த கதை

புத்தகத்துக்குத் தோல் அட்டை போட்டு, அதில் பூவேலையும் செய்யக் கற்றுக்கொள்ள இறங்கியபோது முதல் குழப்பம் தோலில்தான். செம்மறியா வெள்ளாடா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. செம்மறித்தோல் மலிவு, ஆனால் தளர்ச்சி. மேல்பக்கம் ஏடு ஏடாக உரியும். வெள்ளாடுதான். குரோம் உப்பில் பதனிட்டதா, ஆவாரம்பட்டையில் பதனிட்டதா என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் வாங்கியது குரோம். சென்னை பெரியமேட்டில் கேட்ட நிறமெல்லாம் கிடைத்தது, தொட்டால் பட்டுப் போல இருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, முத்தியால்பேட்டையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பைண்டரிடம் காட்டினேன். ஓரத்தை நறுக்கிப் பார்த்தார். உள்ளே வெளிர் நீலம். “இது பைக்கும் செருப்புக்கும் சார். அச்சு நிக்காது” என்றார்.

நின்றால்தானே! தோலை லேசாக நனைத்து, சூடேற்றிய பித்தளை அச்சை அழுத்தினால் பள்ளம் விழுகிறது. மறுநாள் காலையில் பாதி மேலெழும்பி நிற்கிறது. குரோம் தோல் ரப்பர் மாதிரி, பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். ஆவாரம் தோல் அப்படியில்லை. ஈரத்தில் களிமண் போலப் பதிவை வாங்கிக்கொள்ளும், காய்ந்ததும் விடாது. சூடு பட்ட இடம் கருத்து, தங்கமே இல்லாமல் கோடு தனியாகத் தெரியும். தங்க ரேக்கு ஒட்டுவதானாலும் இந்தப் பள்ளம்தான் அடிப்படை: அதில் முட்டை வெள்ளைக்கரு தடவி, ரேக்கை வைத்து, அதே அச்சை அதே இடத்தில் மறுபடி சூடாக இறக்க வேண்டும். பள்ளம் பாதி மறைந்திருந்தால் அச்சு எங்கே போய் உட்காரும்?

கற்றுக்கொள்பவருக்கு இது இன்னும் முக்கியம். அச்சின் சூட்டை ஈரத்துணியில் தொட்டு, வரும் சத்தத்தை வைத்துத்தான் கணிக்கிறோம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல. சூடு அதிகமானால் ஆவாரம் தோல் கருகிக் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் கோடு மங்கலாக விழும். ஒவ்வொரு தப்பும் கண்ணுக்குத் தெரியும். குரோமில் தப்பு என் கையிலா தோலிலா என்றே தெரியாமல் ஒரு மாதம் போனது.

அட்டை ஓரத்தில் மடிக்கத் தோலைக் காகிதம் போலச் சீவும்போதும் அப்படித்தான். ஆவாரம் கத்திக்குச் சீராக வழிவிடும், குரோம் இழுபடும்.

ஆவாரத்துக்கும் வம்பு உண்டு. ஈரத்தோலை இரும்புப் பிரஸ்ஸில் வைத்து, மறுநாள் எடுத்தால் கறுப்புத் திட்டு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாகிற அதே சங்கதிதான். நம் கடற்காற்றில் துருவில்லாத இரும்புக்கு எங்கே போக? இப்போது இடையில் பிளாஸ்டிக் தாள் வைக்காமல் பிரஸ்ஸைத் திருகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சையும் ஆவாரத்தில்தான் முதலில் பூக்கிறது, என் அலமாரியில் பார்த்தவரை. உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைக்கிறேன்.

ஆயுள் விஷயத்தில் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1901-லேயே, இந்தியாவிலிருந்து பதனிட்டு வந்த ஆட்டுத்தோல் புத்தகத்துக்கு மிக மோசம், பத்து வருஷத்துக்குள் சிதைகிறது என்று எழுதிவிட்டது. சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்டதையே அது சிபாரிசு செய்தது. நிலக்கரிப் புகையும் கேஸ் விளக்கும் நிறைந்த ஊரின் அனுபவம் அது. ஆனாலும் தள்ளிவிட முடியாது. தாத்தாவின் பழைய சட்டப் புத்தகங்களை எடுத்தால் தோல் உதிர்ந்து கையெல்லாம் செந்தூள். என் அட்டைகளில் மூத்ததற்கே மூன்று வயதுதான்.

அதனால் பேரப்பிள்ளைகள் வரை நிற்க வேண்டிய புத்தகம் என்று யாராவது கேட்டால் இன்னும் கை வைக்கவில்லை. பழகுவதற்கும், வீட்டுப் புத்தகங்களுக்கும் ஆவாரம்தான். மிச்சமிருந்த குரோம் தோல் மழையில் பையில் கிடக்கும் டைரிகளுக்குப் போய்விட்டது, பூவேலை இல்லாமல்.